தேங்காய் எண்ணெய் விட்ட கதவு

மழை பெய்தால் மற்றப் பெண்கள் கொடியில் கிடக்கும் உடுப்பை நினைப்பார்கள். நான் என் வண்டியின் கூரை மூடியின் மூலையை நினைக்கிறேன். இதை யாருக்குச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். பிறகு, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தங்களுக்குள் கதைப்பார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டு பேர்ள் கண்ணை மூடியபடியே படுத்திருந்தாள். விடிந்துவிட்டது. வேலித் தகரத்தில் மழை ஓய்ந்து, பீலியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் கொட்பிறியின் மூச்சு சீராக வந்தது. அவர் நித்திரை இல்லை. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் கிடந்தவர்கள் மூச்சில் பொய் சொல்ல முடியாது.

இன்று சனிக்கிழமை. நிஷானி வருகிறாள்.

கிழமை நடுவில் தொலைபேசி எடுத்து, "அம்மா, ஒரு விஷயம் கதைக்கவேணும், நேரில வாறம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் மகள். அன்றிலிருந்து பேர்ளின் நெஞ்சுக்குள் ஒரு கல். கல்யாணம் முடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் கட்டத் தொடங்கிய வீடு மரச்சட்டங்களோடு அப்படியே நிற்கிறது. கட்டுபவன் இன்றைக்கு, நாளைக்கு என்கிறான். அதுவரைக்கும் பொயிண்ட் குக்கில் மாப்பிள்ளை அனோஜின் தாய் தகப்பனோடு இருக்கிறார்கள்.

பேர்ள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு முன்வாசலைத் திறந்தாள்.

வண்டி, கார் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. எழுபத்தெட்டாம் ஆண்டு பெட்போர்ட். ஒரு லொறியின் முதுகில் சின்ன வீடொன்றை ஏற்றி வைத்த மாதிரி. போன வருடக் கடைசியில், கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில், கோழிகள் உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அதைக் கண்டாள். கொட்பிறிக்கு அது லொறி. நிஷானிக்குக் கெரவன். பதிவில் மோட்டார் ஹோம். பேர்ள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் எல்லாரும் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

கதவைத் திறந்தாள். அது தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிட்டது.

கூரை மூடியின் மூலையில் விரலை வைத்தாள். காய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே தடவினாள். அங்கும் காய்ந்திருந்தது.

மூன்று முறை ஒழுகிய இடம் அது. முன்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒழுகும்போதெல்லாம் பழைய சிலிக்கனின் மேல் புதுச் சிலிக்கனை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அவள்தான் ஒரு மாதம், வேலை இல்லாத நாள் எல்லாம் ஏணியில் ஏறி, அத்தனையையும் பிளாஸ்ரிக் சுரண்டியால் சுரண்டி எடுத்தாள். உக்கிய பலகையை வெட்டி எறிந்தாள். மூடியின் விளிம்புக்குக் கீழே பசைநாடாவை ஓடவிட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பூட்டினாள்.

முதியோர் இல்லத்தில் அவளுடைய வேலை மற்றவர்களைத் தூக்குவது, திருப்புவது, துடைப்பது. எங்கே நோகிறது என்று நாள் முழுக்கக் கேட்பாள். பலருக்குச் சொல்லத் தெரியாது. இந்த வண்டி சொல்லும். குளிர்காலையில் சோக்கை இழுக்காவிட்டால் இருமும். இரண்டாம் கியரை அவசரப்பட்டுப் போட்டால் பல்லைக் கடிக்கும். கவனித்தால் கவனித்த அளவுக்குக் குணமாகும். அப்படி ஒன்று தன் வாழ்க்கையில் வேறு எதுவும் இருந்ததா என்று அவள் சில நேரம் யோசிப்பாள். பிறகு அந்த யோசனைக்கே பயந்து, வேறு வேலை பார்ப்பாள்.

வருகிற புதன்கிழமை முதல் பயணம். நீண்ட நாள் விடுமுறை எழுதிக் கொடுத்தாயிற்று. மில்டுரா, அங்கிருந்து ஆற்றோரமாக மேலே. கொட்பிறி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"என்ன, உம்மட கப்பல் தாண்டு போச்சுதோ?" குசினி ஜன்னலில் அவருடைய தலை தெரிந்தது.

"மிதக்குது. ஒரு சொட்டும் இல்லை."

"கதவு கத்தின கத்தில பக்கத்து வீட்டு நாய் எழும்பீற்றுது. தேத்தண்ணி போட்டிருக்கு, வாரும்."

சிரித்தாள். இந்த மனிதர் இப்படிக் கேலி பண்ணும்போது அவருக்குள் இருக்கும் பயம் தெரியாது. போரில் மன்னாரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில், மடுக் காட்டில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே ஒரு மாரிகாலம் முழுக்கக் கிடந்தவர். "வீடெண்டா அத்திவாரம் வேணும் பேர்ள். நிலத்தில கால் ஊண்டாத இடத்தில படுத்தது காணும். இப்ப விரும்பிப் போய்ப் படுக்கச் சொல்லுறீரோ?" என்று ஒருமுறை கேட்டார். ஒரே ஒருமுறைதான். அவளும் அதே மாரியில், அதே காட்டில், வேறொரு தறப்பாளுக்குக் கீழே கிடந்தவள்தான். ஆனால் அவளுக்கு அந்த நாட்களில் நினைவில் நின்றது, ஓடக்கூடிய ஒரு ட்ரக்டரில் இரவோடிரவாக ஏறிப்போன ஒரு குடும்பம்.

புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலால் பார்த்தாள். கொட்பிறி வண்டியின் கதவடியில் குனிந்து நின்றார். கையில் என்னவோ இருந்தது. இத்தனை மாதத்தில் அவர் அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. கூப்பிடாமல், பாராதது போல மாவைக் கிளறினாள்.

வந்திறங்கிய நிஷானி கொஞ்சம் மெலிந்திருந்தாள். அனோஜ் கையில் ஒரு கேக் பெட்டியோடு வந்தான். "அம்மா தந்தவ, மாமி," என்றான். அவனுடைய அம்மா எப்போதும் ஏதாவது தந்தனுப்புவாள். நல்ல மனுஷி.

"அம்மா, கெரவனுக்குள்ள போய்க் கதைப்பமா?" என்றாள் நிஷானி செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பேர்ளின் நெஞ்சுக்கல் ஒருமுறை புரண்டது. மாப்பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாத விஷயமோ?

இருவரும் ஏறினார்கள். நிஷானி கதவை இழுத்துச் சாத்தினாள். கிறீச் சத்தமே இல்லை. பூனை நடந்த மாதிரி மூடியது. பேர்ள் ஆச்சரியப்பட்டாள்.

மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பேர்ள் தைத்த மஞ்சள் திரைச்சீலையை நிஷானி விரலால் நீவினாள்.

"சொல்லு பிள்ளை."

"ஒண்டும் இல்லை அம்மா. மாமி நல்லவ."

"பிறகு?"

"அதுதான் பிரச்சினை. நான் வேலைக்குப் போட்டு வந்தா என்ர உடுப்பெல்லாம் அயன் பண்ணி அலுமாரியில. என்ர உள்ளுடுப்பும். நான் அறைக் கதவைச் சாத்தினா, 'பிள்ளைக்குத் தலையிடியோ?' எண்டு தேத்தண்ணியோட வருவா. சண்டை பிடிக்கவும் ஏலாது அம்மா. அனோஜிட்டச் சொன்னா, 'ஷீ இஸ் ஜஸ்ட் பீயிங் நைஸ்' எண்டுறார்." அவளுடைய குரல் உடைந்தது. "நான் கார்ப் பார்க்கில இருந்து அழுதுபோட்டுத்தான் வீட்டுக்குள்ள போறனான்."

பேர்ள் அவளுடைய கையைப் பிடித்தாள். பெரிய இடி ஒன்றை எதிர்பார்த்து வந்த மனதுக்கு இது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது. சாத்த முடியாத கதவு ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. அவளுக்கு அது தெரியாதா?

"இரு, இஞ்சித் தேத்தண்ணி ஊத்தித்தாறன். காஸ் மூடிக் கிடக்கு. சிலிண்டரை வெளியில திறக்கவேணும்," என்று எழுந்து கதவுப்பிடியைத் திருப்பினாள்.

பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

மறுபடி திருப்பினாள். தோளால் தள்ளினாள். பூட்டின் நாக்கு அசையவே இல்லை. முன்னால் ஓட்டும் இடத்துக்குப் போக இந்த வண்டியில் உள்வழியும் இல்லை.

"இஞ்சருங்கோ!" ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். கொட்பிறியும் அனோஜும் ஓடி வந்தார்கள். வெளியிலிருந்து இழுத்தார்கள். ஆடியது வண்டிதான்.

"காலமை நல்லாத்தானே திறந்தது. நீங்கள் இதில கை வைச்சனீங்களோ?" என்றாள் பேர்ள்.

வெளியே இழுப்பது நின்றது.

"கதவு கத்தினது," என்றார் கொட்பிறி மெல்ல. "கொஞ்சம் எண்ணெய் விட்டனான்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்."

"லொக்குக்குள்ளயோ?"

"கதவுப் பிணைச்சலுக்கு விட்டனான். மிச்சம் இருந்தது. லொக்குக்கும் விட்டனான்."

"மாமா," என்றான் அனோஜ், "குளிருக்கு அது உறையுமே!"

"போத்தலுக்குள்ள உறைஞ்சுதான் கிடந்தது. மைக்ரோவேவில சூடாக்கித்தானே விட்டனான்!"

"உள்ளுக்குப் போய்த் திரும்ப உறையும் தானே?"

"மன்னாரில ஒருநாளும் உறைஞ்சதில்லை," என்றார் கொட்பிறி, குற்றம் மெல்பேர்னின் மேல் என்பது போல.

நிஷானி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் பேர்ள் நினைத்தாள். சிரிப்பு. அடக்க அடக்க மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பேர்ளுக்கும் தொற்றிக்கொண்டது. பழைய கிறீஸும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து, பூட்டுக்குள் மெழுகுதிரி வார்த்த மாதிரி இறுகியிருக்கும். சுடுநீரில் நனைத்த துணியை வெளியிலிருந்து பூட்டில் ஒற்றச் சொன்னாள். கேற்றிலில் தண்ணீர் கொதிக்கவைக்க அனோஜ் உள்ளே ஓடினான். "டவலைக் கொண்டுவாடா தம்பி, பழைய டவல்!" என்று கொட்பிறி பின்னால் கத்தினார்.

"அம்மா," சிரித்து ஓய்ந்த நிஷானி கண்ணைத் துடைத்தாள். "கதவு பூட்டுப்பட்டு, ஒருத்தரும் உள்ளுக்கு வர ஏலாமல் இருக்கிறம். நான் எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்பிடி மூச்சு விடுறன் தெரியுமா?"

பேர்ள் அவளைப் பார்த்தாள்.

"இதை எங்களுக்குத் தாங்கோவன். எங்கட வீடு முடியுமட்டும். எங்கட காணியில கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு இருக்கிறம். சில்லுக்குக் கட்டை வைச்சா ஆடாது எண்டு அனோஜ் சொல்லுறார். இஞ்ச எல்லாம் இருக்கு. கட்டில், குசினி. எவ்வளவு வடிவா வைச்சிருக்கிறீங்கள்."

"நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வந்து இருக்கலாமே. உன்ர அறை அப்பிடியே கிடக்கு."

"பெம்பிளை வீட்டோட மகன் போட்டான் எண்டு மாமி உடைஞ்சு போவா. அதோட..." நிஷானி தயங்கினாள். "கோவிக்காதேங்கோ. இஞ்ச வந்தா நான் திரும்பவும் உங்கட பிள்ளையாயிடுவன். அங்க அவவின்ர பிள்ளை. எனக்கு ஒருத்தற்ற வீடும் இல்லாத ஒரு இடம் வேணும்."

அந்த வார்த்தைகளை அவள் எங்கே எடுத்தாள்? பேர்ள் அவற்றை யாரிடமும் சொன்னதில்லை. ஏணியின் உச்சியில், சுரண்டியும் கையுமாக நின்றபோது மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டவை. இந்த மகளைப்போல இந்த வண்டியைப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. அதனால்தான் மறுப்பது பேர்ளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டக் என்றது பூட்டு. கதவு திறந்தது. தேங்காயெண்ணெய் மணத்தோடு குளிர்காற்று உள்ளே வந்தது. வெற்றியோடு நின்ற கொட்பிறியின் நெற்றியில் வியர்வை. "பாத்தீரே, மருமகனும் நானும்!" என்றார்.

மத்தியானம் புட்டும் மீன்குழம்பும். மேசையில் அனோஜ் உற்சாகமாக இருந்தான். நிஷானி கேட்டுவிட்டாள் என்பது அவளுடைய முகத்திலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மாமி, ஒரு ஏசி மட்டும் பூட்டவேணும். ஹீற்றும் வரும். கூரையில சின்ன ஒரு ஓட்டைதான். அந்த மூடியைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலயே பெரிசா வெட்டலாம் எண்டு ஏசிக்காரன் சொன்னவன். சுத்திச் சிலிக்கன் அடிச்சுவிடுவான். வியாழக்கிழமை வாறான்."

பேர்ளின் உச்சந்தலையில் யாரோ விரலை வைத்து அழுத்தியது போல இருந்தது.

"வியாழனோ? ஏசிக்காரனுக்கும் சொல்லியாச்சோ?"

அனோஜ் மாமனாரைப் பார்த்தான். கொட்பிறி முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தார்.

"நான்தான் சொன்னனான்," என்றார் நிமிராமல். "அண்டைக்கு உம்மோட கதைச்சுப்போட்டு, பேந்து பிள்ளை எனக்கும் எடுத்தவள். அம்மா ஓம் எண்டுவா எண்டு சொன்னனான். பிள்ளையள் இருக்கிற இடம், கதவு கத்தக்கூடாதெண்டுதான் காலமை..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

எண்ணெய் தனக்காக என்று அவள் நினைத்திருந்தாள். புதன்கிழமைக்காக. காலையில் மாவைக் கிளறியபடி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, கலியாணமான புதிதில் போல மகிழ்ந்து நின்றாளே, அந்தப் பேர்ளை நினைத்து அவளுக்கு இப்போது இரக்கமாக இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வண்டி ட்ருகனினாவுக்குப் போனால் இவள் எங்கேயும் போகமாட்டாள். அவ்வளவுதான் இந்த மனிதரின் கணக்கு. இரவில் பக்கத்துப் பாதிக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதைத் தாங்க ஏலாதவர். அதை வாயால் சொல்லத் தெரியாமல், மகளின் கண்ணீருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

"என்ன மாமி?" என்றான் அனோஜ்.

"பாப்பம் எண்டு சொல்லுவா இப்ப," கொட்பிறி சிரிக்க முயன்றார். "பாப்பம் எண்டா ஓம் எண்டுதான் அர்த்தம். உனக்கு இன்னும் தெரியாது தம்பி."

மூவரும் சிரித்தார்கள். பேர்ளும் சிரித்தாள். உண்மைதான். வேலைக்கு நேரம் மாற்றிக் கேட்டபோது பாப்பம். மச்சாளின் குடும்பம் வந்து ஒரு கோடை முழுக்கத் தங்கக் கேட்டபோது பாப்பம். அவளுடைய வாயில் அது முடியாது என்பதற்குப் பக்கத்தில் பிறந்த சொல். கேட்டவர்களின் காதுக்குப் போய்ச் சேரும்போது ஓம் ஆகியிருக்கும்.

இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதடு சேர்ந்தும் விட்டது.

"அப்ப வண்டித் திறப்பைத் தாங்கோ மாமி," அனோஜ் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினான். நல்ல பிள்ளை. உரிமையோடு நீட்டினான். "நாளைக்கே கொண்டுபோய் நிப்பாட்டுறன்."

"இல்லை மகன்."

அவ்வளவு மெல்லச் சொன்னதில், அவனுக்கு அது விளங்க நேரம் எடுத்தது. கை அப்படியே நின்றது.

"வண்டி புதன்கிழமை வெளிக்கிடுது. நான் போறன்," என்றாள் பேர்ள். "வீடு வேணுமெண்டா இந்த வீட்டை எடுங்கோ. எங்கட பெரிய அறையையும் எடுங்கோ. நான் இருக்கமாட்டன். கதவைச் சாத்தலாம், ஒருத்தரும் தட்டமாட்டினம்."

"அப்ப நான்?" என்றார் கொட்பிறி.

அவள் அவரைப் பார்த்தாள். பதில் அவரிடம்தான் இருந்தது. அதை இந்த முறை அவருக்காக அவள் எடுத்துக் கொடுப்பதாக இல்லை.

நிஷானி புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் இண்டைக்குப் பொயிண்ட் குக்குக்குத் திரும்பிப் போகேல்லை."

அனோஜ் திரும்பினான். "வாட் டு யூ மீன்?"

அவளுடைய கண்ணீர் புட்டில் விழுந்தது. அவனுடைய முகத்தில், மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை இப்போதுதான் முதல்முறை கேட்கிறவனின் திகைப்பு.

"பேர்ள்," கொட்பிறியின் குரல் இறங்கிவிட்டது. கெஞ்சல் போல இருந்தது. "பிள்ளை அழுறாள். குடுமன்."

பேர்ள் எழுந்து மகளுக்குப் பின்னால் போய் நின்று, அந்த மெலிந்த முதுகில் ஒரு கையை வைத்தாள். நிஷானி அதில் சாய்ந்தாள். அந்தப் பாரத்தை அவள் முழுவதுமாக வாங்கிக்கொண்டாள்.

"அழட்டும்," என்றாள். "நான் பக்கத்தில நிக்கிறன். ஆனா வண்டி தரேல்லை."

அனோஜ் நீட்டிய கை இன்னும் மேசையின்மேல் திறந்தே கிடந்தது. பேர்ள் மற்றக் கையால் மோர்மிளகாய்த் தட்டை எடுத்து அதில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ மகன். புட்டு ஆறுது."